துவைக்கிற கல்லில் வைத்த மருந்து

எனக்குப் பதினாலு வயதில் சக்கரை வந்தது. வயசானவர்களுக்கு வருகிற வியாதி இல்லை இது. பிள்ளைகளுக்கு வருகிற வகை. மாத்திரை கேட்காது. இன்சுலின் ஊசி போட்டால் உயிர் இருக்கும், போடாவிட்டால் இல்லை. அதனால் போட்டேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, தொடையில், நானே. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல இருப்பது என் மகள் வயிற்றில் இருந்த காலம்.

அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டது. ஊசி மருந்து பிள்ளைக்கு ஆகாது என்று லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், சொன்னார்கள். நான் பாதியாகக் குறைத்துப் போட்டேன். ஆசுபத்திரிக்கும் ஒழுங்காகப் போகவில்லை. ஆண் பிள்ளை. கையில் வாங்கிப் பார்த்தேன். பிறகு கொடுத்துவிட்டேன்.

அடுத்தது தங்கியபோது முடிவு செய்துகொண்டேன். இதை உயிரோடு பெறுவேன். சொன்ன ஊசியைச் சொன்ன நேரத்தில் போடுவேன். லயத்தில் யார் எது சொன்னாலும் காதில் ஏற்றமாட்டேன்.

நாங்கள் பிக்கட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் இருந்தோம். தேயிலை விலை விழுந்து கிடந்த வருசங்கள். வாரத்தில் மூன்று நாள் வேலை கொடுத்தார்கள், சில வாரம் இரண்டு. ஃபேக்டரியில் புகை வந்தால் பிள்ளைகள் கைகாட்டிக் கூவினார்கள், ரயிலைப் பார்த்த மாதிரி. சிறு தோட்டக்காரர்கள் கொழுந்து எடுக்காமலே விட்டதில் செடிகள் மரமாகி நின்றன. எங்கள் லயத்தில் பத்து வீடு. நாலு வீடு பூட்டிக் கிடந்தது. என் வீட்டுக்காரரும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் நானும் மாமியும். மாமி என்றால் அவருடைய அம்மா.

மாமி கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, கப்பலேறி இங்கே வந்தவர். பேச்சில் அந்த ஊர் போகவில்லை. பாட்டிலைப் போத்தல் என்பார். தேத்தண்ணி குடிக்கிறதும் அந்த ஊர் முறைதான். தண்ணியில் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து, அதை நக்கிக்கொண்டே வெறும் சாயத்தைக் குடிப்பது. எங்கள் லயத்தில் எல்லோரும் அப்படித்தான். மலையில் பத்து மணிக்குக் கூடையை இறக்கி உட்கார்ந்தால் எல்லாக் கையிலும் சீனி இருக்கும். என் கை காலி.

“அவ பங்கை இங்க குடுங்கடி, நான் ரெண்டு கையிலயும் நக்குறேன்” என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

“நக்கு. அப்புறம் நீயும் வந்து அவளோட ஊசியில பாதி வாங்கிக்க” என்பார் மாமி.

ஆனால் மாமியின் முந்தானையில் எப்போதும் ஒரு முடிச்சுச் சீனி இருக்கும். அது எனக்கு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சக்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது வாயில் சீனி போட்டால்தான் மீளுவேன். ஏறினால் பிள்ளைக்கு ஆபத்து, இறங்கினால் எனக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஒன்பது மாதம் நடக்க வேண்டும்.

அளந்து பார்க்க ஆசுபத்திரியில் ஒரு நீல மருந்து கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாயில் அதைக் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காய்ச்சணும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மஞ்சள் அதற்கு மேல். செங்கல் நிறம் வந்தால் மோசம். நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனால் நிறம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தத் துளிர் இன்றைக்கு, எது நாளைக்கு என்று நிறம் பார்த்துத்தானே பறித்துக்கொண்டிருந்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு காலை, மாலை எழுதி வைத்தேன். நீலம், நீலம், பச்சை, நீலம். ஒரு வேளை விட்டதில்லை.

மருந்து பாட்டில் கடைக்காரர் ஃபிரிட்ஜில் இருந்தது. அவர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், லயத்துக்குக் கீழே ரோட்டோரம் கடை. கலர் சோடா விற்க வைத்திருந்த ஃபிரிட்ஜ். காலையும் மாலையும் இறங்கிப்போய் ஊசி ஏற்றிக்கொண்டு வருவேன். ஆறாம் மாதம் முடியும்போது அவர் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்முணி, தப்பா நெனைக்கக் கூடாதுங்க. கலர் குடிக்க ஆளே இல்லீங்க. ஃபிரிட்ஜை அமத்திட்டேனுங்க.”

“சரிங்க.”

“இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதுக்குங்க? நம்ம ஊடே ஃபிரிட்ஜ் மாதிரித்தானுங்களே இருக்குது.”

அவர் சொன்னது நியாயம்தான். பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுப்புக்கு எதிர்ச் சுவர் ஓரம் ஒரு சின்னப் பானையில் வைத்தோம். நிறங்கள் மாறவில்லை. நீலம், பச்சை, நீலம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. வேண்டாம் என்றேன். மாமி கேட்கவில்லை. “போன தடவை போடல. இந்தத் தடவை போடுவேன்” என்றார். முந்தின நாளே லயத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். காய் நறுக்குவதும் புளி காய்ச்சுவதுமாக அடுப்பு பகல் முழுக்க எரிந்தது, மறுநாளும் எரிந்தது. வீடே கதகதவென்று இருந்தது. அந்த இரண்டு ராத்திரியும் பனி கடுமை. விடிந்தால் புல் வெள்ளையாகக் கிடந்தது, வாளித் தண்ணி மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது.

ஏழு வகைச் சோறு வைத்தார்கள். எலுமிச்சஞ்சோறு ஒரு வாய் சாப்பிட்டேன். சர்க்கரைப் பொங்கலை மோந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் முழங்கை வரை.

அன்று சாயங்காலம் குழாயில் மஞ்சள். மறுநாள் காலை ஒரு மாதிரி ஆரஞ்சு. சாயங்காலம் செங்கல். அதற்கு அடுத்த நாளும் செங்கல். தாகம் அடங்கவில்லை. ஊசியில் ஒரு குறையும் வைக்கவில்லை. இருபது யூனிட் சொன்னார்கள், இருபது போட்டேன். பிறகு ஏன்? மூன்றாம் நாள் காலை ஊசி போடாமல், வெறும் வயிற்றோடு, முதல் பஸ்ஸில் டவுன் ஆசுபத்திரிக்குப் போனோம், நானும் மாமியும்.

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

“வளைகாப்பு முடிஞ்சதா? எத்தனை வகை சோறு?”

“ஏழு.”

“எத்தனை தின்ன?”

“ஒரு வாய்.”

“ஏழு வகையிலயும் ஒவ்வொரு வாயா? எத்தனை பேரைப் பாத்திருக்கோம்மா. வாயைக் கட்ட முடியலன்னா முடியலன்னு சொல்லு.”

மாமி முன்னால் வந்தார். “ஏம்மா, நான் ஆக்கிப் போட்டவ. அவ திங்கலம்மா.”

“நீங்க பேசாதீங்க பாட்டி. திணிக்கிறதே நீங்கதான்.”

டாக்டரம்மாவும் அதையேதான் நினைத்தார். காத்திருந்த கூட்டம் வாசல் வரை நின்றது. நோட்டை நீட்டினேன். வாங்கி மேசை ஓரத்தில் தள்ளினார்.

“போன பிள்ளை என்னாச்சுன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் ஏம்மா இப்படிப் பண்ற?”

தள்ளின நோட்டை எடுத்துப் பையில் வைத்தேன். இருபதை முப்பத்தாறு ஆக்கி எழுதினார். அங்கேயே, ஆசுபத்திரி மருந்திலேயே, முப்பத்தாறு போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு ஒரு புதுப் பாட்டிலும் கொடுத்தார்கள். பழையதில் இன்னும் கொஞ்சம் இருந்தது, அதுவும் பையில் கிடந்தது. கொண்டுபோன ராகிக் களியைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினோம்.

அந்தப் பஸ் இத்தலார் வழியாகச் சுற்றிப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளத்தில் இருந்த தேயிலை முழுக்கக் கருகிக் கிடந்தது, நெருப்பு வைத்த மாதிரி. உறைபனி அடித்த தேயிலை அது.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இது தெரியும். பனி விழுந்த செடி விடியும்போது பச்சையாகத்தான் நிற்கும். தொட்டால் கூடக் கொழுந்து மாதிரியே இருக்கும். ஆனால் அது ராத்திரியே செத்தாயிற்று. வெயில் பட்டு உருகின பிறகுதான் கறுக்கும். பார்வைக்கு நல்லதாக இருக்கிறதே என்று பறித்தால் ஃபேக்டரியில் திருப்பி அனுப்புவார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிறகு கேட்டேன்.

“மாமி, சமையல் நடந்த ரெண்டு நாளும் மருந்தை எங்க வச்சீங்க?”

“ஏன் புள்ள?”

“எங்க வச்சீங்க?”

“வீட்டுல ஒரே சூடு. குளிர்ல இருக்கணும்னு சொல்லுவியே. வெளிய துவைக்கிற கல்லு மேல ஒரு டம்ளரைக் கவுத்து வச்சேன். காலையில நீ எந்திரிக்கிற முன்னாடியே உள்ள கொண்டாந்துட்டேன்.”

“கொண்டாரப்ப எப்படி இருந்துச்சு?”

“கல்லு மாதிரி இருந்துச்சு. உள்ள வச்சதும் இளகிருச்சு. நல்லாத்தானே இருந்துச்சு?”

பையிலிருந்து பழைய பாட்டிலை எடுத்தேன். இந்த மருந்து பால் நிறம். உள்ளங்கையில் உருட்டினால் ஒரே சீராகக் கலங்கணும். உருட்டினேன். கண்ணாடியில் சின்னச் சின்னக் குருணை ஒட்டிக்கொண்டு நின்றது. அடியில் திரிந்த பால் மாதிரிக் கட்டி. புதுசை உருட்டினேன். பால் மாதிரி ஓடியது. வீட்டில் விடிகிற முன்னால் விளக்கு வெளிச்சத்தில் ஊசி ஏற்றுவேன். கவனிக்காமல் விட்டது என் தப்பு.

அப்புறம்தான் இன்னொன்று புத்தியில் பட்டது. செத்த மருந்துக்குப் போதவில்லை என்றுதான் முப்பத்தாறு எழுதியிருக்கிறார்கள். அந்த முப்பத்தாறை இந்த நல்ல மருந்தில் தினம் இரண்டு வேளை போட்டால் என்ன ஆகும்? காலையிலேயே ஒன்று போட்டாயிற்று.

“இறங்குங்க மாமி.”

“எங்க?”

“ஆசுபத்திரிக்கு.”

கண்டக்டர் திட்டினார். “இப்பத்தானம்மா டிக்கெட் கிழிச்சேன். ஆசுபத்திரியிலதானே ஏறுனீங்க?”

“மறந்துட்டோம்.”

“என்னத்தை மறந்தீங்க?”

“சொல்ல மறந்துட்டோம்” என்றேன். விசில் ஊதினார்.

திரும்புகிற பஸ்ஸுக்கு ரோட்டில் நெடுநேரம் நின்றோம். போய்ச் சேரும்போது ஓ.பி. மூடிவிட்டது. டாக்டரம்மா வார்டில் இருக்கிறார், வரும்போது பார்க்கலாம் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். மதியச் சாப்பாடு இல்லை. கடைக்குப் போகலாம் என்றார் மாமி. போகிற நேரத்தில் டாக்டரம்மா போய்விட்டால்? நகரமாட்டேன் என்றேன்.

மூன்று மணி வாக்கில் எனக்கு வேர்த்தது. அந்தக் குளிரில் ஜாக்கெட் நனைந்தது. கை நடுங்கி வளையல் தானாகச் சத்தம் போட்டது. மாமி பார்த்துவிட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினார். நக்கினேன். இன்னும் கொட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் காலையில் பேசின நர்ஸ் வந்தார்.

“அய்யோ! டாக்டர், இங்க வந்து பாருங்க! ஆசுபத்திரிக்குள்ளயே உக்காந்து சீனி நக்குது!”

மாமி எழுந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“கத்துடி! நல்லாக் கத்து! அந்தம்மா சீக்கிரமா வரட்டும்!”

டாக்டரம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டார், கையைப் பிடித்துப் பார்த்தார். காலையில் இருந்த முகம் இல்லை அவருக்கு. “இன்னும் சீனி இருக்கா? போடுங்க. நிறையப் போடுங்க” என்று மாமியிடம் சொன்னார். நர்ஸைக் குளுக்கோஸ் கொண்டுவரச் சொன்னார். பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

நடுக்கம் நின்றதும் இரண்டு பாட்டிலையும் எடுத்தேன். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. உருட்டிக் காட்டினேன். ஒன்று பால். ஒன்று குருணை.

“பனியில உறைஞ்சது. இளகினப்புறம் போட்டேன்.”

அவர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். நீலம், நீலம், பச்சை, நீலம். பக்கம் பக்கமாக. கடைசிப் பக்கத்தில் மஞ்சள், ஆரஞ்சு, செங்கல்.

“உறைஞ்சா பாதி வேலைகூடச் செய்யாதும்மா. நாங்க எல்லார்கிட்டயும் வெயில்ல வைக்காதேன்னுதான் சொல்றோம்.” நோட்டை மூடினார். “முப்பத்தாறை வீட்டுல போய்ப் போட்டிருந்தா…” நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். “பழைய இருபதே போடு. யாரு சொன்னா உனக்கு இது?”

“யாரும் சொல்லல. கொழுந்தும் அப்படித்தான் சாகும்.”

“வெளிய யாரு வச்சது?”

மாமியின் கை என் தோளில் இருந்தது. அது அசையவில்லை.

“நான்” என்றேன்.

அன்று ராத்திரி ஆசுபத்திரியிலேயே தங்கவைத்தார்கள். மறுநாள் பஸ்ஸில் மாமி கேட்டார்.

“ஏன் பொய் சொன்ன?”

“யாரு வச்சா என்ன.”

அன்றிலிருந்து குழாயைக் காய்ச்சுவது மாமி வேலையாகிவிட்டது. என்னைத் தொடவிடமாட்டார். வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “நீலம்! எழுது!” என்று கணக்கப்பிள்ளை மாதிரி சத்தம் போடுவார். மருந்தைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தோம். சூடும் இல்லை, பனியும் இல்லை. கடைக்காரர் காதுக்கு விஷயம் போய் ஏறி வந்தார்.

“ஏனுங்க, உங்க ஒரு பாட்டிலுக்காகத் திருப்பி ஃபிரிட்ஜைப் போட்டுடறேனுங்க. எனக்கு மனசே கேக்கலீங்க.”

“வேண்டாமுங்க. அரிசி போதும்.”

வீம்பு இல்லை. நிஜமாகவே போதும்.

வேலை நாளில் மலைக்கும் போனேன், எட்டாம் மாதம் தொடங்கும் வரை. வாரம் தவறாமல் ஆசுபத்திரிக்கும் போனேன். எட்டாம் மாதம் முழுக்க எனக்குப் பயம்தான். போன தடவை அசைவு நின்ற நாள் எனக்கு நினைவிருந்தது. அந்த நாள் வந்தது. காலையிலிருந்து வயிற்றில் கை வைத்தபடியே இருந்தேன். பிள்ளை உதைத்தது. மத்தியானமும் உதைத்தது. நோட்டில் அன்றைக்கு நிறத்துக்குப் பக்கத்தில் ‘உதைத்தது’ என்று எழுதினேன். அந்த நாற்பது பக்கத்தில் நிறம் இல்லாமல் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

ஒன்பதாம் மாதம் சேர்த்துக்கொண்டார்கள். ஆபரேஷன். பெண் பிள்ளை. அழுதது. நான் கேட்டேன்.

சக்கரை உள்ளவர்களின் பிள்ளைக்குப் பிறந்ததும் சக்கரை இறங்கும் என்று ஒரு நாள் தனியாக வைத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் குளுக்கோஸ் கொடுத்தார்கள். தாயைப் போலவே. நிறை போட்டபோது மாமி கூடவே நின்றாராம். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு நிறை இருக்கக் கூடாது என்று நர்ஸ் முகம் சுளித்திருக்கிறார். மாமிக்கு வேறு சந்தேகம். எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள்.

“ஏம்மா, ஈரத்துக்கு ஏதும் கழிச்சியா?”

“புள்ளைக்கு எதும்மா ஈரம்?”

“அப்பக் கழிக்காத நிறையா? அதையே எழுது” என்றாராம்.

மூன்றாம் நாள் பிள்ளை என் பக்கத்தில் கிடந்தது. அந்த நர்ஸ் வார்டுக்குள் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். கோத்தகிரிப் பக்கம், ஐந்து மாதம், அவளுக்கும் ஊசி. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.

“இந்தம்மாகிட்ட கேட்டுக்க. மருந்தை எப்படி வைக்கணும்னு எங்களைவிட நல்லாச் சொல்லுவாங்க” என்றார் நர்ஸ். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கட்டிலின் காலைப் பார்த்துச் சொன்னார். போதும்.

நான் நோட்டைக் காட்டினேன். அரிசி டின்னைச் சொன்னேன். பாட்டிலை உருட்டிப் பார்க்கச் சொன்னேன். “பனி நாள்ல வெளிய மட்டும் வைக்காதே. நான் வச்சு…”

“இவ வைக்கல” என்றார் மாமி.

பிள்ளைத் துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“வச்சது நான். சூடுபட்டுக் கெட்டுடும்னு வச்சேன், உறைஞ்சு கெட்டுப்போச்சு. கண்டுபிடிச்சது என் மருமக. கேட்டுக்க புள்ள, அவ சொல்றதக் கேட்டுக்க.”

பிறகு மடித்த துணியை என் கையில் கொடுத்தார். பிள்ளை நனைத்திருந்தது. மாற்றினேன்.